ஊன்றுகோலும் ஒரு கண்ணியமே

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

நம் அறக்கட்டளை முதியவர்களுக்குக் கைத்தடி வழங்கி வருவது உங்களுக்குத் தெரியும். வாங்கிச் செல்பவர்களில் பலர் அதை வீட்டு மூலையில் சாத்தி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "தடியைப் புடிச்சா கிழவனாயிட்டேன்னு ஊரு சொல்லும் தம்பி" என்கிறார்கள். ஹவ்ளுக்கரையின் ஈரத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் போதும், இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. அதன்பின் பள்ளிவாசலுக்கு நடந்து வந்து ஜமாஅத்தோடு தொழும் பாக்கியமே பலருக்குப் போய்விடுகிறது. தடியைப் பிடிக்க வெட்கப்படுவதால் எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள்.

நம் மார்க்கத்தில் தடி இழிவான பொருள் அன்று. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கையில் இருப்பது என்ன என்று அல்லாஹ் கேட்டதையும், அதன்மீது தாம் சாய்ந்துகொள்வதாகவும், ஆடுகளுக்கு அதைக் கொண்டு இலை பறித்துப் போடுவதாகவும், வேறு பயன்களும் உண்டு என்றும் அவர்கள் பதிலளித்ததையும் தாஹா அத்தியாயம் 17, 18ஆம் வசனங்கள் கூறுகின்றன. இன்றும் நம்மூர்ப் பள்ளிகளில் ஜும்ஆ அன்று மோதினார் அஸாவை ஏந்தி நின்று கத்தீபின் கையில் கொடுக்கிறார். மிம்பரில் கண்ணியமாக இருக்கும் தடி, தெருவில் மட்டும் எப்படி அவமானமாகும்?

தடியை மதிக்கிற ஒரு சமூகத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இங்கிலாந்தின் வட பகுதியிலும் செம்மறி ஆடு மேய்ப்பவர்களின் தடி பேர்பெற்றது. தலைப்பகுதி கொக்கிபோல வளைந்திருக்கும். ஆட்டின் கழுத்தைப் பிடிக்க அகலமான வளைவு, காலைப் பிடிக்கக் குறுகலான வளைவு என்று இரண்டு வகை. அந்த வளைவைச் செம்மறிக் கிடாவின் கொம்பில் செய்கிறார்கள். வேலைக்கான கருவியாகத் தொடங்கியது, காலப்போக்கில் கலையாக வளர்ந்தது. அங்கே நடக்கும் விவசாயக் கண்காட்சிகளில் தடிகளுக்கென்றே போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். தடி செய்பவர்களுக்கு 1984 முதல் ஒரு சங்கமும் இருக்கிறது.

இளைஞர்களே, இதன் செய்முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். கொம்பின் உள்ளே எலும்பு. வெளியே இருப்பது நம் நகத்தைப் போன்ற கெரட்டின் என்ற பொருளாலான கூடு. எலும்பை நீக்கிவிட்டுக் கூட்டை மாதக்கணக்கில் உலர விடுகிறார்கள். இளம் ஆட்டின் கொம்பு மெலிந்து மென்மையாக இருக்கும். நன்கு முற்றிய கிடாவின் கொம்புதான் இந்த வேலைக்கு ஏற்றது.

கொம்பைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். வேலையின் சூட்சுமமே இதுதான். வெந்நீரிலோ சூடான காற்றிலோ இளக வைத்து, வைஸில் இறுக்கி, அடிப்பக்கத்தின் குழிவை நெருக்கி உருட்டுகிறார்கள். முறுக்கிக்கொண்டு வளர்ந்த கொம்பை ஒரே தளத்தில் நிற்கும்படி நேராக்குகிறார்கள். பிறகு அச்சில் வைத்து வளைக்கிறார்கள். சூடு குறைந்தால் கொம்பு வெடிக்கும், கூடினால் கருகும். அவசரக்காரருக்கு இந்த வேலை வராது.

வளைத்தபின் வாளால் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளை முரட்டு ரகத்திலிருந்து நைஸ் ரகம் வரை வரிசையாகப் போட்டுத் தேய்க்கிறார்கள். ஒரு ரகத்தைத் தாண்டிப் போனால் பழைய கீறல் மெருகு போடும்போது காட்டிக்கொடுத்துவிடும். தண்டுக்கு ஹேசல் என்ற மரத்தின் கழியைக் குளிர்காலத்தில் வெட்டி, ஓராண்டுக்குக் குறையாமல் காயவைக்கிறார்கள். கைப்பிடியிலும் கழியிலும் துளையிட்டு, ஆணி நிறுத்தி, பசையால் இணைக்கிறார்கள். இணைப்பை மறைக்க வேறு நிறக் கொம்பில் பூண் போடுவதும் உண்டு.

அடுத்தது அலங்காரம். கைப்பிடியின் நுனியில் முட்பூ, இலை, மீன், பறவை ஆகியவற்றைச் செதுக்குகிறார்கள். மீனின் செதிலையும் பறவையின் இறகையும் ஒவ்வொரு கோடாகக் கீறி, மெல்லிய தூரிகையால் மையோ வண்ணமோ தீட்டி, மேலே வார்னிஷ் பூசிக் காக்கிறார்கள். கொம்பின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் உரிந்துவிடும்; ஆகவே முதலில் துடைத்துச் சுத்தம் செய்வது முக்கியம். நல்ல கைவினைஞர் கொம்பை முழுக்க வண்ணத்தால் மூடிவிட மாட்டார். அதன் இயற்கையான வரிகளும் ஒளி ஊடுருவும் தன்மையும் தெரியும்படி விட்டுவைப்பார்.

இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் நகரத்தின் கொம்புத் தொழிலாளர் சங்கம் 1284ஆம் ஆண்டின் பதிவிலேயே வருகிறது. 1638இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. சீப்பு, பொத்தான், கரண்டி, விளக்குக் கண்ணாடிக்குப் பதிலான தகடு என்று வீட்டுப் பொருள்கள் பலவும் அந்நாளில் கொம்பில் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் வந்ததும் அத்தொழில் சுருங்கியது. 1943இல் அந்தச் சங்கமே பிளாஸ்டிக்கைத் தன் இன்றைய தொழிலாக ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் சம்பல் நகரும் அதை ஒட்டிய சராய் தரீனும் கொம்பு, எலும்பு வேலைக்குப் பெயர்பெற்றவை. அங்கே பட்டறைகளில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் நம் சகோதரர்கள். எருமைக் கொம்பில் சீப்பு, பொத்தான், வளையல், கிண்ணம், கைப்பிடி எல்லாம் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 2018இல் அந்த மாநில அரசு தொடங்கிய "ஒரு மாவட்டம், ஒரு பொருள்" திட்டத்தில் சம்பலுக்கு உரிய பொருள் இந்தக் கைவினைதான். இறைச்சிக் கடையில் கழித்துப் போடுவது அங்கே ஒரு குடும்பத்தின் ரிஸ்காக மாறுகிறது. தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்று புகாரியில் வரும் ஹதீஸை நாம் அறிவோம்.

இந்த வேலையில் நாம் கவனிக்க வேண்டிய மஸ்அலாக்கள் உண்டு. முறைப்படி அறுக்கப்பட்ட ஹலாலான பிராணியின் கொம்பு சுத்தமானது. இதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. செத்த பிராணியின் கொம்பு ஹனஃபி மத்ஹபில் சுத்தம், ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். தடியைக் கையில் ஊன்றியபடியே தொழுகிறவர்களும் நம்மில் இருப்பதால், கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவதே பேணுதல். குர்பானிப் பிராணியின் கொம்பை நாமே பயன்படுத்தலாம், தானமாகவும் கொடுக்கலாம். அதை விற்றுப் பணத்தை நாம் வைத்துக்கொள்வதோ, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுப்பதோ கூடாது. உயிருள்ளவற்றின் உருவம் செதுக்குவதை உலமாக்கள் தடுத்திருப்பதால் இலை, கொடி, பூ, கட்டக்கோலம் ஆகியவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். அழகுக்கு அதில் பஞ்சமே இல்லை. ஆயத்தையோ அல்லாஹ்வின் பெயரையோ கைப்பிடியில் பொறிக்க வேண்டாம். தடி கழிப்பறைக்கும் போகும், தரையிலும் கிடக்கும்.

மான் கொம்பைத் தொடவே தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். கொம்பை ராவும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போடாமல் அரத்தைக் கையில் எடுக்கக் கூடாது.

எவ்வளவு அழகான கைப்பிடியானாலும் அளவு தப்பினால் பயனில்லை. செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே கைப்பிடியின் உயரம். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். உடல் பாரத்தை முழுதும் தடியில் போடுகிறவருக்கு வளைந்த கொக்கியைவிட உள்ளங்கையில் அகலமாகப் பதியும் பிடியே நல்லது. அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். கொம்பைப் பூச்சி அரிக்கும், வறட்சியில் வெடிக்கும். வார்னிஷ் பூசாத பிடியை அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால் நெடுநாள் உழைக்கும்.

இளைஞர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்களிடம் வாளும் அரமும் வைஸும் இருக்கின்றன. நம் ஊரில் அறுக்கப்படும் எருமையின் கொம்பைக் கேட்டு வாங்குங்கள். முதலில் சின்னச் சின்னத் துண்டுகளில் பழகுங்கள்; பிறகு ஒரு கைப்பிடி செய்து பாருங்கள். செய்யும் முன், அதைப் பிடிக்கப்போகிற பெரியவரின் கையை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அவருக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி அலுமினியத் தடியை நீட்டுவது உதவி. அவர் பெயரைக் கேட்டு, கையை அளந்து, அவருக்கென்றே செய்து கொடுப்பது மரியாதை.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். "அத்தாவுக்கு இப்பவே தடியா?" என்று அவர் காது கேட்கப் பேசாதீர்கள். அந்த ஒரு சொல்தான் தடியை மூலையில் சாத்தி வைக்கிறது.

நம் பெரியவர்கள் கடைசி வரை தங்கள் காலால் நடந்து பள்ளிக்கு வர அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக. அவர்கள் ஊன்றி நடக்க உதவும் கைகளாக நம் பிள்ளைகளின் கைகளை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.