ஒதுங்கி நின்றாலும் கணக்கில் சேரும்

(தோட்ட மக்களுக்கான வாக்காளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்து, களைப்போடு வந்திருக்கிறீர்கள். நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை. "நம்ம ஒரு வோட்டுல என்னாங்க ஆகப் போகுது?" என்று லயத்தில் பலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்ததை வைத்துப் பதில் சொல்கிறோம்.

ஒருவர் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்? அரசியல் ஆராய்ந்தவர்கள் மூன்றைச் சொல்வார்கள். ஒன்று, அப்பா காலத்திலிருந்து வந்த கட்சிப் பற்று. இரண்டு, ஆள் மேல் உள்ள நம்பிக்கை. மூன்று, சம்பளம், காணி, வீடு போன்ற பிரச்சினை. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது: போவதா, போகாமல் இருப்பதா?

1931இல் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் வந்தது. பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம், பகிஷ்கரியுங்கள் என்றது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் அரசாங்க சபை அவர்கள் இல்லாமலே கூடியது. 1934 வரை அந்த நாற்காலிகள் காலி. அதே 1931இல் நம்ம ஹட்டனிலிருந்து போன பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார்.

அடுத்தது 2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் மக்கள் வீட்டோடு இருந்தார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட இடாப்பில் 7 லட்சம் பெயர்கள். வாக்களித்தவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவுதான். மஹிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்றது சுமார் 1,80,000 வாக்குகளால். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! இடாப்பில் இருந்த பலர் இடம்பெயர்ந்தும் வெளிநாடு போயும் இருந்தார்கள், இருந்தவர்களுக்குப் பயமும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விழாத வாக்கும் முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அமெரிக்காவிலும் 2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் வெறும் 537 வாக்குகள்தான் ஜனாதிபதி யார் என்று தீர்த்தன.

2024 நவம்பரில் யாழ்ப்பாணம் வேறொன்றைக் காட்டியது. நெடுங்காலம் தமிழ்க் கட்சிகளுக்கே பெரும்பாலும் வாக்களித்த மாவட்டம் அது. அன்று அங்குள்ள 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. அது சரியா, பிழையா என்று நாங்கள் பேசவில்லை. "இவங்க வோட்டு நம்ம பையில" என்று இனி எந்தக் கட்சியும் நினைக்க முடியாது. அதுதான் விஷயம்.

நமக்கோ இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் பாட்டன் பாட்டியின் வாக்கைப் பறித்தன. நாடற்றவராய் மிஞ்சி இருந்தவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பறித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரிந்திருந்தது. நமக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே நான்கு காரியம் செய்யுங்கள்.

பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் இப்போதே விண்ணப்பியுங்கள்.

எழுத்தில் கேட்டால், சம்பளம் வெட்டாமல் குறைந்தது 4 மணி நேர லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தலைவர் மூலமாகவாவது எழுதிக் கொடுங்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டதோடு நிறுத்தாதீர்கள். விருப்பு எண்கள் மூன்று வரை போடலாம்.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பம் குறிக்கலாம். 2024 செப்டம்பரில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், முதல் தடவையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணினார்கள்.

யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனசு. அதில் நாங்களும் தலையிட மாட்டோம், தலைவரும் தலையிடக் கூடாது. போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.