அணு உலையைச் சோதிப்பவர் யார்?

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் மாண்டார்கள். ஐந்தே நாளில், 10ஆம் தேதி, கூடங்குளம் அணு உலையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது இடிந்தகரைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டுக்கு ஒரு மீனவர் பலியானார். "பட்டாசில் ஆண்டுதோறும் சாகிறார்கள், அதை விட்டுவிட்டு உலையை எதிர்க்கிறீர்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், நழுவக் கூடாது.

முதலில் எதிர்ப்பாளர்களாகிய நாம் நம்முடைய சொத்தை வாதத்தைத் தள்ளிவிடுவோம். உலை அணுகுண்டாக வெடிக்கும் என்று தயவுசெய்து பேசாதீர்கள். கூடங்குளத்து எரிபொருளில் யுரேனியம்-235 ஏறத்தாழ 4 சதவீதம். குண்டுக்கு 90 சதவீதம் வேண்டும். நிலக்கரிப் புகை ஆட்களைக் கொல்வதும் உண்மை, 2012 மின்வெட்டில் சிவகாசி அச்சகங்கள் தவித்ததும் உண்மை. ஆனால் ஆபத்து வெடிமருந்தில் மட்டும் இல்லை, கண்காணிப்பு இல்லாததிலும் இருக்கிறது என்று விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்கு வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ் இருக்கும். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற கணக்கும் இருக்கும். ஆலையோ உள்குத்தகைக்குப் போயிருக்கும், மணிமருந்து மரத்தடியில் காயும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அங்கே நடந்த உள்குத்தகை விசாரணைக்கு வந்தது.

"அணுசக்தித் துறைப் பொறியாளர்களையும் உள்குத்தகைக்காரரையும் ஒன்றாக்கலாமா?" என்பார்கள். ஆக்கவில்லை. ஆனால் ஜப்பானியப் பொறியாளர்கள் யாருக்குக் குறைந்தவர்கள்? புகுஷிமா மனிதர்கள் விளைவித்த விபத்து, கண்காணிப்பவரும் நடத்துபவரும் கைகோத்ததன் விளைவு என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே 2012ல் எழுதியது. இங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983ல் வெறும் அரசாணையால் பிறந்தது; அதற்குச் சுதந்திரம் போதாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னதும் அதே 2012ல்தான். உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில் உலைக்கு அனுமதி தந்து, பயன்படுத்திய எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனிக் கிடங்கை ஐந்து ஆண்டுக்குள் கட்டச் சொன்னது. கட்டவில்லை, தவணை 2022 வரை நீண்டது. உலை மட்டும் ஓடியது. பட்டாசுத் தீ சாயங்காலத்துக்குள் அணையும், அந்த எரிபொருளையோ பல்லாயிரம் ஆண்டு காவல் காக்க வேண்டும்.

ஆகவே, உலையின் ஆய்வறிக்கையைத் தமிழில் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். அதே மூச்சில் உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையின் ஆய்வறிக்கையையும் கிராம சபையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.