முயல் சினையாகிவிட்டதா? முதலில் தேதியைக் குறியுங்கள்



வீட்டில் முயல் வளர்ப்பவர்களைத் திடீரென்று பதற வைக்கும் ஒரு சந்தேகத்தைப் பற்றி இன்று பேசலாம். வாங்கும்போது, "ரெண்டுமே பெட்டைதான், தைரியமாக் கொண்டுபோங்க" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே கூண்டில் வளரும். நாலைந்து மாதம் போனதும் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து சொல்வார்கள். இல்லையென்றால், விடுமுறைக்கு வந்த உறவினர் தன் முயலையும் கையோடு கொண்டுவந்து, "கொஞ்ச நேரம் சேர்ந்து விளையாடட்டுமே" என்று விட்டிருப்பார். அப்புறம்தான் யோசனை வரும். சினை பிடித்திருக்குமோ? பிடித்திருந்தால் என்ன செய்வது?

சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டு முயலையும் தனித்தனிக் கூண்டில் விடுங்கள். பிறகு சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதியை வட்டமிடுங்கள். முயல் பண்ணைகளில் ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். எந்த நாள் சேர்க்கை நடந்தது, எந்த நாள் குட்டி வரும் என்று அதில் எழுதியிருப்பார்கள். வீட்டில் அந்த அட்டையின் வேலையைக் காலண்டர் செய்யும். இனி நாம் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

"ஒரே ஒரு தடவை, அதுவும் சில நொடிதானே" என்று சிலர் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். முயல் விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் பருவத்துக்கு வரும் நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாள் தவறினால் சினை பிடிக்காது. பெண் முயலுக்கு அப்படி ஒரு சுற்றுக் கணக்கு கிடையாது. சேர்க்கை நடந்தால், அந்தத் தூண்டுதலிலேயே சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். முயல்களின் சேர்க்கையே சில நொடிகளில் முடிந்துவிடக் கூடியது. அதனால் ஒரு தடவை என்றாலும் சினைக்கு வாய்ப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயம், ஒன்றின் மேல் ஒன்று ஏறியதாலேயே சினை என்று முடிவுகட்டவும் கூடாது. யார் பெரியவர் என்று காட்டிக்கொள்ள இரண்டு பெட்டைகளும் இப்படி ஏறுவதுண்டு. ஆகவே இரண்டும் எந்தப் பால் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஐந்தாறு வாரக் குட்டியில் பழகிய கைகூடத் தவறிப்போகும். ஆண் முயலுக்கு விதைப்பை இறங்குவதே பிறந்து 10 முதல் 12 வாரத்தில்தான். அதற்குப் பிறகு பார்த்தால் தெளிவாகத் தெரியும். முயலை மடியில் மெதுவாக மல்லாத்தி, பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். வட்டமான துளையோடு குழல் போல எழுந்தால் ஆண். நீளவாக்கில் பிளவாகத் தெரிந்தால் பெண். முயல் திமிறினால் விட்டுவிடுங்கள். பின்னங்காலை வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துபோகக் கூடும். கால்நடை மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

வயதையும் கவனியுங்கள். சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பெரிய இனங்களுக்கு இன்னும் ஓரிரு மாதம் கூடுதலாக ஆகும். கூடப்பிறந்தவை என்று அவை பார்ப்பதில்லை. தாய், மகன் என்றும் பார்ப்பதில்லை.

சரி, தேதிக்கு வருவோம். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். மார்ச் 1-ஆம் தேதி சேர்க்கை நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் தேதியையொட்டி, அதாவது 12-ஆம் நாள் வாக்கில், மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் கருக்கள் வரிசையாகக் கையில் தட்டுப்படும். ஸ்கேன் வசதி இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம். இந்தச் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் கருவுக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து.

மார்ச் 17, 18, 19 தேதிகளில் ஒரு குழப்பம் வரலாம். முயல் வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலையும். கழுத்துக்குக் கீழேயும் வயிற்றிலும் உள்ள முடியைத் தானே பிடுங்கிப் படுக்கை போடும். பார்க்கிறவர்கள் குட்டி வரப்போகிறது என்று விடிய விடிய விழித்திருப்பார்கள். குட்டி வராது. இதுதான் பொய்ச்சினை. கருமுட்டை வெளிவந்தும் கரு பிடிக்காவிட்டால் உடம்பு 16 முதல் 18 நாள் வரை சினை போலவே நடந்துகொள்ளும். கடைசியில் கூடு கட்டிவிட்டு ஓய்ந்துவிடும். உண்மையான சினையில் பெரும்பாலும் கடைசி சில நாட்களில்தான் கூடு கட்டத் தொடங்கும். தேதி குறித்து வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

இரண்டும் மாதக்கணக்கில் ஒன்றாகவே இருந்தன, எந்த நாள் என்று தெரியாது என்பவர்கள், பிரித்த நாளிலிருந்து எண்ணுங்கள். 35 நாள் தாண்டியும் குட்டி வரவில்லை என்றால் சினை இல்லை என்று நம்பலாம்.

குட்டி வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் இருப்பார்கள். அதற்கு வழி உண்டு. சினையின் தொடக்க நாட்களிலேயே மருத்துவரிடம் போனால், முயலின் உடல்நிலையைப் பார்த்து, கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று அவர் சொல்வார். நாள் கடக்கக் கடக்க அபாயம் கூடும். இங்கே ஒன்று நினைவிருக்கட்டும்: நாய், பூனையைப் போல முயலை அறுவைக்கு முன்னால் பட்டினி போடுவதில்லை. முயலால் வாந்தியெடுக்க முடியாது. ஆனால் குடல் ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. வாந்தியெடுக்க முடியாது என்பதாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைப் பப்பாளி, எள், யாரோ சொன்ன நாட்டு மருந்து என்று வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நமக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையும் கூடாது. வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றுவிடக் கூடும்.

குட்டி வரட்டும் என்று முடிவு செய்தால், முதலில் தீனி. பசும்புல், காய்ந்த புல், குதிரைமசால், வேலிமசால், கொஞ்சம் முருங்கைக்கீரை கொடுக்கலாம். குதிரைமசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பதால் சினைக்கும் பால் சுரப்புக்கும் நல்லது. காய்கறிக் கடையில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையை மட்டும் கொட்டி வயிற்றை உப்ப வைக்காதீர்கள். புதிய தீனி எதையும் சிறிது சிறிதாகவே பழக்குங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் முயல் தீனியைத் தொடாமல் அரை நாள் கிடந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கோடையில் சினையாகும் முயலுக்கு இன்னொரு சோதனை, வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். நம் ஊரில் கத்திரி வெயில் 40-ஐத் தொடுகிறது. கூண்டின் பக்கங்களில் ஈரச் சாக்கைக் கட்டுங்கள், படுக்க ஒரு தரை ஓடு போடுங்கள், மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் கூண்டு இருந்தால் அன்றே கீழே இறக்குங்கள்.

நம் உதாரணத்தில் மார்ச் 29-ஆம் தேதிக்குள் ஈனும் பெட்டி கூண்டுக்குள் போய்விட வேண்டும். மரப்பெட்டியோ, கெட்டியான அட்டைப்பெட்டியோ போதும். தாய் உள்ளே போய்த் திரும்ப இடம் இருக்க வேண்டும், குட்டிகள் உருண்டு வெளியே வராதபடி முன்பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். உள்ளே சுத்தமான வைக்கோல். கூண்டின் அடிப்பக்கம் கம்பி வலையாக இருந்தால் ஒரு பலகையைப் போட்டு மூடுங்கள். இடுக்கில் விழுந்த குட்டி தரையில் கிடந்து குளிரில் செத்துப்போகும்.

குட்டி போடுவது பெரும்பாலும் விடியற்காலையில். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிறிய இனம் என்றால் இரண்டு, மூன்று குட்டி; பெரிய இனம் என்றால் ஆறு, எட்டு வரை போகும். முயல் நெடுநேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலும், ரத்தம் நிற்காமல் போனாலும், 33-ஆம் நாளும் கடந்துவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்தில் முயலுக்கு வைத்தியம் தெரிந்தவர் யார் என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குட்டிகளைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். முடி இருக்காது, கண் திறந்திருக்காது. கிராமத்தில் காட்டு முயல் குட்டியைப் பார்த்தவர்கள், அது முடியோடும் விழித்த கண்ணோடும் பிறக்கும் என்பதால், இவை குறைப்பிரசவமோ என்று பயப்படுவார்கள். இல்லை. காட்டு முயல் வேறு இனம். வீட்டு முயல் குட்டிக்கு ஒரு வாரத்தில் முடி முளைக்கும், 10 முதல் 12 நாளில் கண் திறக்கும்.

அடுத்த பயம், "தாய் குட்டிப் பக்கமே போகவில்லை" என்பது. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் இரவிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிடம். மற்ற நேரமெல்லாம் குட்டிகளை விட்டு விலகியே இருக்கும். பால் குடித்ததா என்று தெரிந்துகொள்ள, காலையில் கையைக் கழுவிக்கொண்டு ஒரு குட்டியை எடுத்துப் பாருங்கள். வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தால் அது குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டிக் கிடந்தால் பால் கிடைக்கவில்லை. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயத்தில் யாரும் பார்க்காமலே விட்டுவிட வேண்டாம். உங்களோடு பழகிய முயல் அப்படிச் செய்வது அரிது. பெட்டியில் உள்ள வைக்கோலைக் கையில் தேய்த்துக்கொண்டு தொடுங்கள். ஆனால் தெருப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வந்து காட்டாதீர்கள். மிரண்ட தாய் குட்டிகளை மிதித்துவிடும், கடித்தும்விடும். செத்துப் பிறந்த குட்டி இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். முயல் அப்படிக் கவ்விக்கொண்டு வராது. பெட்டிக்கு வெளியே ஒரு குட்டி சில்லிட்டுக் கிடந்தால், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு நீங்கள்தான் கூட்டில் சேர்க்க வேண்டும். பால் இல்லாத குட்டிக்குப் பசும்பாலைப் புகட்டுவது தீர்வாகாது. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு வரை உண்டு. அதற்கு மாற்று என்ன என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

இத்தனை கவனத்துக்கு நடுவில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடியும் சினையாகும். அப்பா முயலும் குடும்பத்தோடு இருக்கட்டுமே என்று விட்டுவைத்தால், அடுத்த மாதம் இதே தேதியில் இன்னொரு ஈற்று வந்து நிற்கும். ஆண் முயலுக்குக் காயடித்துவிட்டோம் என்று உடனே சேர்த்துவிடவும் கூடாது. அறுவைக்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் வரை அதற்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கலாம்.

குட்டிகளை எட்டு வாரம் தாயோடு விடுங்கள். 10-ஆவது வாரத்தில் ஆண் வேறு, பெண் வேறு என்று பிரித்துவிடுங்கள். எண்ணிக்கை அதிகமாகிவிட்டது என்று பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு முயல் அங்கே பிழைக்காது. ஓரிரு நாளில் தெருநாய் வாயில் போய்விடும். தாய்க்கு, பால் மறந்து உடம்பு தேறிய பிறகு, கருத்தடை அறுவை செய்துவிடுவது நல்லது. வயது ஏற ஏறப் பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. இந்த அறுவை அதையும் தடுக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒரு முயலுக்குத் துணையாக இன்னொன்றை வாங்குவது நல்ல எண்ணம்தான். அப்படி வாங்குவதானால், வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விற்றவர் சொன்னதை மட்டும் நம்பி ஒரே கூண்டில் விடாதீர்கள்.