கொரில்லா பார்க்கப் போனேன், இருமல் தடுத்துவிட்டது

(நம் குடியிருப்பு மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"உகாண்டா போய்வந்தீர்களே, எங்கெங்கே பார்க்கலாம், எவ்வளவு ஆகும், ஒரு அரைமணி நேரம் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வனவிலங்கு நிபுணர் இல்லை. முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். அதனால் எங்கே போனாலும், கொடுத்த பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. இன்று பேசப் போவதும் அதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கம்பாலாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். 2023 ஜூலையில் நானும் மனைவியும் அங்கே போனோம். ஆப்பிரிக்கா என்றாலே நமக்குக் கென்யாவும் தான்சானியாவும்தான் நினைவுக்கு வரும். திறந்த புல்வெளி, ஜீப், சிங்கம். உகாண்டா வேறு மாதிரி. அங்கே காடும் சதுப்பு நிலமும் அதிகம், நிறைய நடக்க வேண்டும். இயற்கையை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்ற நாடு.

முதல் இடம் மபாம்பா சதுப்பு நிலம். விமான நிலையம் இருக்கும் எண்டெபியிலிருந்து அதிக தூரமில்லை. விக்டோரியா ஏரியின் ஓரத்தில், ஆள் உயரக் கோரைகளுக்கு நடுவே சின்ன மரப்படகில் போக வேண்டும். பார்க்கப் போவது ஒரே ஒரு பறவையை. ஷூபில் என்று பெயர். நாலடி உயரம், சாம்பல் நிறம், மரச்செருப்பைக் கவிழ்த்து ஒட்டின மாதிரி அலகு. சிலை மாதிரி அசையாமல் நிற்கும். நாங்கள் முக்கால் மணி நேரம் பார்த்தோம், இரண்டு தடவைதான் தலையைத் திருப்பியது. என் மனைவி, "உங்கள் பழைய மேனேஜர் மாதிரியே இருக்கிறது" என்றாள்.

அந்தப் பறவைக்கு நுரையீரல் மீன் பிடிக்கும். அங்குள்ள மீனவர்களும் அதே மீனைத்தான் பிடிக்கிறார்கள். ஷூபில் கண்ணில் பட்டால் அன்றைக்கு வலையில் ஒன்றும் விழாது என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால் பார்த்தால் கொன்றுவிடுவார்களாம். இன்று அதே மீனவர்கள்தான் படகு ஓட்டி அந்தப் பறவையைக் காட்டுகிறார்கள். படகுக்கூலி அவர்கள் கையில் நேராகப் போகிறது. நாங்கள் கொடுத்த நோட்டை எங்கள் படகுக்காரர் எண்ணிச் சட்டைப்பையில் வைத்ததை நானே பார்த்தேன். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து மேற்கே, கிபாலே காடு. 13 வகைக் குரங்கினங்கள் அங்கே இருக்கின்றன. சிம்பன்சி பார்க்க அப்போது ஆளுக்கு 200 டாலர். பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்தில் உள்ள பிகோடி என்ற கிராமத்தின் சதுப்பு நிலம். 1992-இல் அந்த ஊர்க்காரர்களே ஒரு சங்கம் அமைத்து, அந்தச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றி, வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நம் நலச்சங்கம் மாதிரிதான், நம்மைவிடச் சண்டை குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். வசூலாகும் பணத்தில் ஊருக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி வந்திருக்கிறது. சிவப்பு கொலோபஸ் குரங்குகள் தலைக்கு மேலே தாவுகின்றன. பெரிய நீலநிறப் பறவை ஒன்று, டுராகோ என்கிறார்கள், கிளைமேல் ஓடுகிறது. குரங்குகள் வாழைத்தோட்டத்தில் புகுந்து நாசம் செய்வதும் உண்டு. அதையும் தாங்கிக்கொண்டுதான் அவர்கள் காட்டை வைத்திருக்கிறார்கள்.

குவீன் எலிசபெத் பூங்காவில் கசிங்கா கால்வாயில் படகுப் பயணம், கரை முழுக்க நீர்யானையும் எருமையும். வடக்கே மர்ச்சிசன் நீர்வீழ்ச்சியில் நைல் நதி முழுவதும் ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து விழுகிறது. இரண்டுமே படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நேரில் போனால் ஏமாற மாட்டீர்கள். இப்போது கொரில்லாவுக்கு வருகிறேன்.

பிவிண்டி என்ற மலைக்காடு, தென்மேற்கு மூலையில், காங்கோ எல்லையை ஒட்டி. சுமார் 320 சதுர கிலோமீட்டர். 1991-இல் தேசியப் பூங்கா ஆனது, 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உலகத்திலேயே மலைக் கொரில்லா வாழ்வது இரண்டே இடங்களில்தான். ஒன்று இது. மற்றது ருவாண்டா, காங்கோ, உகாண்டா மூன்றும் சேருகிற விருங்கா எரிமலைப் பகுதி. 1990-களில் பிவிண்டியில் சுமார் 300 இருந்தன. 2018 கணக்கெடுப்பில் 459. இரண்டு இடமும் சேர்த்து 1,063. கொரில்லா வகைகளில் எண்ணிக்கை கூடுவது இது ஒன்றுதான். காவலர் சம்பளம், கால்நடை மருத்துவர், ரோந்து, எல்லாவற்றுக்கும் பயணிகள் பணம் பெரிய ஆதாரம்.

பெர்மிட் அப்போது ஆளுக்கு 700 டாலர், ஏறக்குறைய 57,000 ரூபாய். 2024 ஜூலையிலிருந்து 800. ருவாண்டாவில் 1,500. ஒரு கூட்டத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரே மணி நேரம். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முகக்கவசம் கட்டாயம். சளி, காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் என்னைப் பிடித்தது. முதல் நாள் இரவே மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காலையில் இருமல். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் அடங்கும், முகக்கவசமும் இருக்கிறது, யாருக்குத் தெரியும்? 57,000 ரூபாய். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், காலை ஏழரை மணிக்குக் காவலர் "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானே கையைத் தூக்கினேன்.

நம் சளி கொரில்லாவுக்குப் போனால் அதற்கு வெறும் சளி இல்லை. 2009-இல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற கூட்டத்தில் மனிதரிடம் காணப்படும் ஒரு சுவாச வைரஸ் பரவி, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. இருப்பதே ஆயிரம் சொச்சம். இதை எனக்குச் சொன்னவர் அந்தக் காவலர்தான். கோபமில்லாமல், "நன்றி ஐயா" என்று தொடங்கிச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மனைவியும் மகனும் போனார்கள். நான்கு மணி நேரம் ஏறி, ஒரு பெரிய வெள்ளிமுதுகு ஆண் கொரில்லாவையும் குட்டிகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் அன்று சாயங்காலம் வரை அதிகம் பேசவில்லை. "அது என்னைப் பார்த்தது" என்று மட்டும் சொன்னாள்.

நான் மதியத்துக்கு மேல் முகக்கவசத்தோடு புஹோமா கிராமத்தில் மெதுவாக நடந்தேன். மலையேறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காத ஒரு விஷயம் அங்கே தெரிந்தது. அந்தக் காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள் பாட்வா மக்கள். 1991-இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பெயரில் பட்டா எதுவும் இல்லை, அதனால் பெரும்பாலோருக்கு இழப்பீடும் இல்லை. 2021-இல் உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றமே அவர்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. இன்று அவர்களில் சிலர் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் குச்சியைக் கடைந்து தீ மூட்டிக் காட்டுகிறார்கள். ஒரு பெரியவர் எனக்கும் காட்டினார். நான் பணம் கொடுத்தேன். அவருடைய காட்டைப் பார்க்க நான் 57,000 கட்டியிருக்கிறேன், அவர் உள்ளே போக முடியாது.

ஊருக்கு என்ன போகிறது என்று விசாரித்தேன். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்கு. நுழைவு 40 டாலர், அதில் 8. கொரில்லா பெர்மிட்டிலிருந்து தனியாக 10. ஆக 700-இல் 18 டாலர். மீதியில் வனவிலங்கு ஆணையம் வருமானமில்லாத மற்றப் பூங்காக்களையும் நடத்துகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 20 விழுக்காடு என்று கேட்டவுடன் நான் 140 என்று போட்டுவிட்டேன். எதன்மேல் விழுக்காடு என்று கேட்காமல் கணக்குப் போடக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது: கொரில்லாவுக்குக் கட்டாயம் போங்கள், அந்தப் பணம் இல்லையென்றால் அவை இல்லை. கூடவே மபாம்பா, பிகோடி மாதிரி இடங்களுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள். செலவு குறைவு, பணம் ஊரிலேயே நிற்கிறது. பெர்மிட் வாங்கும்போதே, உடம்பு சரியில்லாமல் போனால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பாதி திரும்பியது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், புறப்பட பத்து நாளுக்கு முன்பாவது போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் அபூர்வமாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம், முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட், டிசம்பர் முதல் பிப்ரவரி, இந்த மாதங்களில் மழை குறைவு. உகாண்டா, கென்யா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா உண்டு.

முழங்கால் வலியோடு ஏற முடியுமா என்று பி பிளாக்கில் ஒருவர் முன்னமே கேட்டுவைத்தார். பை தூக்கவும் கை பிடித்து ஏற்றவும் ஊர் இளைஞர்கள் கூலிக்கு வருவார்கள், கட்டாயம் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சுத்தமாக முடியாது என்றால் டோலி இருக்கிறது. ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். அந்த ஊரில் அதற்குப் பெயர் ஹெலிகாப்டர். கூலி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தூக்குகிறவர்கள் கையிலேயே போகிறது.