ஒருவருக்கு ஓர் ஊசி
(வல்வெட்டித்துறையில் அழகுக்கலையைச் சுயதொழிலாகச் செய்யும் பெண்களுக்கு ஆற்றிய உரை)



மீள்குடியேறியபின் வாழ்வாதார உதவியோடு அழகுக்கலை பழகி, வீட்டு முன்னறையிலேயே தொழில் தொடங்கியவர்கள் உங்களில் பலர். மணப்பெண் அலங்காரத்துக்கு வருபவர்கள் இப்போது புருவத்துக்கு நிரந்தர மை குத்தவும், கையில் பச்சை குத்தவும் கேட்கிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம். பூச்சு தோலின் மேல் நிற்கும். ஊசி தோலுக்குள் இறங்கும். இது இரத்தம் படுகிற தொழில்.

ஹெப்பரைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அது தொற்றப் போதும். ஊசியை டெற்றோலில் கழுவினாலும் நெருப்பில் காட்டினாலும் இன்னொருவருக்குப் பாவிக்கக் கூடாது. ஒருவருக்கு ஓர் ஊசி. வேலை முடிந்ததும் அதைத் துளைபடாத மூடிய பெட்டியில் போடுங்கள். மையும் அப்படித்தான். ஒருவருக்கு வேண்டியதை மட்டும் சிறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். மிச்சத்தைப் போத்தலில் திருப்பி ஊற்றாதீர்கள். கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

உங்களையும் காத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெப்பரைட்டிஸ் பி தடுப்பூசி 2003 இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்வது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

சிலர் செல் காயத் தழும்பை மறைத்துத் தரும்படி கேட்பார்கள். அவர்களின் மனவேதனை எங்களுக்குத் தெரியும். ஆனால் தழும்பில் ஊசி பட்டால் அது மேலும் தடிக்கலாம். முதலில் யாழ் போதனா வைத்தியசாலையின் தோல்நோய் வைத்தியரிடம் அனுப்புங்கள். வைத்தியர் செய்ய வேண்டியதை நாங்கள் செய்யக் கூடாது. 2024 டிசம்பரில் திருச்சியில் பச்சை குத்தும் கடை நடத்தியவர், நாக்கைப் பிளக்கும் அறுவையைச் செய்ததற்காகக் கைதானார். மாநகராட்சி கடையைப் பூட்டி முத்திரை வைத்தது.

தொழிலைத் தொடங்குமுன் வல்வெட்டித்துறை நகரசபையில் என்ன அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று விசாரியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பாவித்த ஊசிகளை எங்கே ஒப்படைப்பது என்றும் அவரிடமே கேளுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை அள்ளுபவரின் கையில் குத்தும்.

புது ஊசிக்கும் கையுறைக்கும் செலவாகும். அதைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். குறைத்துச் செய்யச் சொல்பவரிடம், புது ஊசிப் பொதியை அவர் கண்முன்னே பிரித்துக் காட்டுங்கள். காரணம் அவருக்கே விளங்கும்.