உப்பளத்தில் ஓர் ஆண்டு



இஞ்சினியர் கையில் கேமரா எதற்கப்பா என்று கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்கியார்குப்பத்துக்கு வந்து பாருங்கள். மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பு வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கும். ஊசிவால் வாத்தும் கொசு உள்ளானும் வந்து இறங்கும். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான்; ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வருகிறது. நமக்குத்தான் விசா, டிக்கெட் எல்லாம்!

சித்திரையில் உப்பு வாரும்போது அவை போயிருக்கும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். நெடுங்கால் உள்ளான் பாத்தி வரப்பிலேயே முட்டை வைக்கும். தம்பிகளே, அந்தப் படம் மட்டும் வேண்டாம். நாம் கிட்டே போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அந்த வெயிலில் முட்டை வெந்துபோகும், இல்லையென்றால் காக்காய் கொத்திவிடும்.

பக்கத்திலுள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. நல்ல காரியம். ஆனால் எது, எந்த மாதம், எத்தனை வந்தது என்று வருஷாவருஷம் யாராவது எழுதிவைக்க வேண்டுமே! தேதியும் இடமும் இல்லாத படம் வெறும் காலண்டர் படம்தான். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வருகிற பொங்கலுக்கு யார் வருகிறீர்கள்? என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் வரப்பில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.