பிலிப்பி: ஒரு பெயரின் வரலாறு

(ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தைப் பூசையில் பலமுறை கேட்டிருக்கிறோம். 'பிலிப்பி' என்பதற்குப் பொருள் என்ன?

அவ்வூரின் பழைய பெயர் வேறு. கி.மு. 360-ஐ ஒட்டித் தாசோஸ் தீவினர் அங்குக் குடியேறி, 'கிரேனிதெஸ்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'கிரேனே' என்றால் நீரூற்று. ஆகவே அது ஊற்றுகளின் ஊர்.

ஆனால் அருகிலிருந்த மலைகளில் பொன் விளைந்தது. கி.மு. 356-இல் மக்கெதோனிய அரசன் இரண்டாம் பிலிப்பு ஊரைக் கைப்பற்றித் தன் பெயரையே சூட்டினான். மகா அலெக்சாந்தரின் தந்தை இவன். 'பிலோஸ்' என்பது நேசிப்பவனைக் குறிக்கும்; 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. பிலிப்பு என்பதன் பொருள் குதிரைகளை நேசிப்பவன். சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு 1000 தாலந்துக்கு மேல் அவனுக்கு வருமானம் வந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் தியோதோருஸ் கூறுகிறார். பொற்காசுகளிலும் தன் பெயரைப் பொறித்தான். தன் பெயர் அழியக் கூடாது என்பதே அவன் ஆசை.

கி.மு. 42-இல் அங்கு நடந்த பெரும்போருக்குப் பின், உரோமைப் போர்வீரர் பலர் அவ்வூரில் குடியமர்த்தப்பட்டனர். உரோமைக் குடியுரிமை அங்கே பெரும் பெருமை.

கி.பி. 50-ஐ ஒட்டிச் சின்னப்பர் அங்கு வந்தார். அவர் அரண்மனையைத் தேடிச் செல்லவில்லை. ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே ஆற்றங்கரைக்குச் சென்று, செபிக்கக் கூடியிருந்த பெண்களிடம் பேசினார். செந்நிற ஆடை விற்றுவந்த லீதியாள் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள். பின்பு சிறைக்காவலனும் அவன் குடும்பத்தாரும் பெற்றனர். ஊற்றுகளின் ஊரில் திருச்சபை நீரால் பிறந்தது!

பின்னர் சிறையிலிருந்து எழுதிய திருமுகத்தில், நம் உண்மையான குடியுரிமை விண்ணகத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு நினைவூட்டினார்.

அரசனின் நகரம் இன்று இடிபாடுகளாகக் கிடக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பக்கத்து ஊரோ இன்று மீண்டும் 'கிரினிதெஸ்' என்றே அழைக்கப்படுகிறது. பொன் தேடியவன் வைத்த பெயர் இன்று நம் நாவில் வருகிறதென்றால், அதற்குக் காரணம் அவன் பொன்னன்று; ஓர் ஆடை வியாபாரியும் ஒரு சிறைக்காவலனும் அவர்களைப் போன்ற எளியோரும் காத்த விசுவாசமே.

ஊருக்குப் பெயர் வைப்பவர் ஒருவர். அதைப் புனிதமாக்குவோர் அங்கு வாழ்பவர்கள். ஜூபிலி காணும் நம் பங்கின் பெயரும் கல்வெட்டில் அன்று, நம் வாழ்வில் நிலைக்கட்டும்.